ஒசூர் சிறு தொழிற்கூட முதலாளிகளுக்கு: அந்த ஆறு பீஸைத் திருப்பி அனுப்பாதீர்கள்

வணக்கம்.

சிப்காட்டிலும் அதைச் சுற்றியும் இரண்டு லேத், ஒரு சிஎன்சி என்று கடன் வாங்கித் தொழில் நடத்தும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் தருமபுரிக்காரன். பல வருடமாக ஒசூரில் இன்ஸ்பெக்ஷன் மேசையில் வேலை.

போன வருடம் நான் வேலை பார்க்கும் இடத்துக்கு இரண்டு பிள்ளைகள் ஒரு டிராயிங்கோடு வந்தார்கள். சின்ன ராக்கெட் ஒன்றுக்கான வால்வு பாடி. "எத்தனை பீஸ் தம்பி?" என்று கேட்டார் முதலாளி.

"ஆறு, சார்."

"ஆறாயிரமா?"

"இல்லை சார், ஆறே ஆறு."

மரியாதையாகத்தான் அனுப்பி வைத்தோம். வண்டி பாகம் ஆயிரக்கணக்கில் ஓடும் மெஷினை நிறுத்தி, ஆறு பீஸுக்குச் செட்டிங் போட்டால் ஒரு ஷிஃப்டே போய்விடும். கணக்கு சரிதான். ஆனாலும் டிராயிங்கைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் படியிறங்கியது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ராக்கெட் என்றால் இஸ்ரோ, நாசா, நமக்கென்ன என்று விட்டுவிடுகிறோம். 2004-இல் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் நடந்ததைக் கேளுங்கள். பர்ட் ரூட்டன் என்பவர், ஆட்கள் தங்கள் வீட்டு ஷெட்டிலேயே கட்டிக்கொள்ளும் குட்டி விமானங்களுக்கு வரைபடம் விற்றுப் பேர் வாங்கியவர். அவருடைய கம்பெனி 'ஸ்பேஸ்ஷிப்ஒன்' என்ற கலத்தைக் கட்டியது. மைக்ரோசாஃப்ட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ஆலன் பணம் போட்டார். அரசாங்கக் காசு கிடையாது. ஜூன் 21 அன்று, அறுபதைத் தாண்டிய விமானி மைக் மெல்வில் அதில், விண்வெளியின் எல்லை என்று சொல்லும் 100 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டிவிட்டுப் பத்திரமாக இறங்கினார். அப்புறம் செப்டம்பர் 29, அக்டோபர் 4 என்று அதே கலம் இரண்டு முறை போய்வந்து, தனியார் விண்கலத்துக்கென்று வைத்திருந்த 1 கோடி டாலர் அன்சாரி எக்ஸ் பரிசை வாங்கியது.

ஒரு தாய் விமானம் கலத்தை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வரை தூக்கிக்கொண்டு போய் விட்டுவிடும். ரப்பரும் நைட்ரஸ் ஆக்சைடும் சேர்ந்து எரியும் மோட்டார் அதற்கு மேலே தள்ளும். இறங்கும்போது இறக்கையின் பின்பாதி மேல்நோக்கி மடிந்து, பூப்பந்து போலக் கலத்தை நிதானமாகக் கீழே கொண்டுவரும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். விண்ணிலிருந்து திரும்புகிற சிக்கலைக் கீலையும் காற்றழுத்தத்தையும் வைத்துத் தீர்த்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்குக் கையில் கொடுத்தால் புரிகிற வேலை.

மேலே போய்க் கீழே விழுவது ஒரு சாதனையா என்று கேட்பவர்கள் உண்டு. பூமியைச் சுற்றிவர நொடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகம் வேண்டும்; இந்தக் கலம் தொட்டது 1 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் 1961-இல் விண்ணுக்குப் போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்ட் போய்வந்ததும் இப்படித்தான். 1963 நவம்பர் 21 அன்று கேரளாவின் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டும் மேலே போய்க் கடலில் விழுந்ததுதான். 2022 நவம்பரில் ஐதராபாத் கம்பெனி ஸ்கைரூட்டின் விக்ரம்-எஸ் ராக்கெட் 89.5 கிலோமீட்டர் உயரம் தொட்டது. 2024 மே 30 அன்று சென்னைக் கம்பெனி அக்னிகுல், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுத்த எஞ்சினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ராக்கெட்டை ஏவியது. அதற்கு முன் நான்கு முறை கடைசி நேரத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. கடைசி இரண்டும் தனியார் கம்பெனிகள் நடத்திய சோதனைப் பறப்புகள். இதில் யாரும் ஆயிரம் பீஸ் கேட்கமாட்டார்கள். ஆறு கேட்பார்கள், திருத்திக்கொண்டு வந்து இன்னும் ஆறு கேட்பார்கள்.

இரும்புக் குழாயில் மருந்தடைத்த மைசூர் ராக்கெட்டுகளின் காலத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரமான நம் பாரமகாலும் திப்பு கையில்தான் இருந்தது. அதனால் இது நமக்கு அந்நியமான தொழில் என்று சொல்லாதீர்கள்.

அதே நேரம், இதில் உயிர் இருக்கிறது. எனக்குப் பிடித்தது என்றேனே, அந்த மடியும் இறக்கையின் பூட்டை அடுத்த தலைமுறைக் கலத்தில் முன்கூட்டியே திறந்துவிட்டதால், 2014 அக்டோபர் 31 அன்று கலம் வானத்திலேயே உடைந்து ஒரு விமானி இறந்தார். எனவே மெட்டீரியல் சர்ட்டிஃபிகேட் இல்லாத கம்பியில் கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு பீஸுக்கும் அளவு எழுதி வைக்க வேண்டும். "பரவாயில்லை, ஓடும்" என்ற பேச்சே இருக்கக் கூடாது.

நான் கேட்பது இதுதான். மாதத்தில் ஒரு நாள், ஒரு மெஷினை இந்த மாதிரி வேலைக்கு ஒதுக்குங்கள். இனாமாக வேண்டாம், செட்டிங் கூலியைத் தனியாக எழுதி, முழுசாகவே வாங்குங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி பாலிடெக்னிக் பிள்ளைகள் இரண்டு பேரை அன்றைக்குப் பக்கத்தில் நிற்க விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. அந்த நாளில் வேலையை வைத்துக்கொண்டால் இன்ஸ்பெக்ஷனுக்கு நானே வருகிறேன், கூலி வேண்டாம். மைக்ரோமீட்டரும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒசூரில் இருந்து ஒரு தர ஆய்வாளர்