டிவிக்குப் போவதை நிறுத்தாதே

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம், பெரியவள் பி.எட். சேர்ந்துவிட்டாள். சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

டிவி விவாதத்துக்குப் போவதை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். விடாதே. "ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைகிறார்" என்று துறையில் பேசுவது உனக்கு வலிக்கும், தெரிகிறது. ஆனால் நீ எழுந்து வந்தால் அந்த நாற்காலி காலியாகவா கிடக்கும்? பெயருக்குக் கீழே 'அரசியல் விமர்சகர்' என்று போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு கட்சிக்காகப் பேசுகிற இன்னொருவர் வந்து உட்காருவார்.

போன வாரம் பார்த்தேன். நெறியாளர் ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லி, "அவங்க ஓட்டு மொத்தமா யாருக்குப் போகும்?" என்று கேட்டார். எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது வரைக்கும் தேர்தல் முடிவுத் தாளான படிவம் 20-ல் இருக்கிறது, ஆனால் எந்தச் சாதி யாருக்குப் போட்டது என்று எங்கேயும் எண்ணுவதில்லை, தேர்தல் முடிந்த பிறகு எடுக்கும் ஆய்வுகளில் மக்கள் சொல்வதை வைத்து மதிப்பிடுவதுதான், அதிலும் சின்னச் சமூகம் என்றால் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தவர்களில் மிகக் கொஞ்சம் பேர்தான் வருவார்கள் என்று நீ பொறுமையாகச் சொன்னாய். "சுருக்கமா சொல்லுங்க சார்" என்று குறுக்கே வந்தார், அப்போதும் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாய். எங்கள் வீட்டில் மாமனார் (அவருக்குக் காலையிலிருந்து ராத்திரி வரை செய்திதான்) சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரே வருத்தம், எத்தனை சீட் என்று கேட்டால் நீயும் ஒரு நம்பர் சொல்லிவிடுகிறாய். அதை மட்டும் விட்டுவிடு. 2016 சட்டமன்றத் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? வாக்குப்பதிவு முடிந்ததும் வந்த கணிப்புகளில் பல, திமுக ஆட்சி என்றன. வந்தது அதிமுக, 134 இடங்களோடு. திமுக அணிக்கு 98. வாக்கில் இரண்டுக்கும் சுமார் 1 சதவீதம்தான் வித்தியாசம். ராதாபுரத்தில் வெற்றி 49 ஓட்டில், தபால் ஓட்டு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 மக்களவைத் தேர்தலில் திமுக அணி தமிழ்நாட்டின் 39 தொகுதியையும் அள்ளியது, வாக்கு என்னவோ பாதிக்கும் கீழே. ஓட்டு எப்படி சீட்டாகிறது, எதிரணி இரண்டாகப் பிரிந்தால் என்ன ஆகிறது, ஒரு சீட்டும் ஜெயிக்காத கூட்டணி எத்தனை தொகுதியில் முடிவைப் புரட்டிப்போட முடியும், இதையெல்லாம் சொல்லத்தான் நீ படித்த படிப்பு வேண்டும். நம்பர் சொல்ல யார் வேண்டுமானாலும் போதும்.

அப்புறம், ஒரு கட்சிக்கு சர்வே செய்து தரச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, பணம் நல்ல பணம்தான், மறுக்கவில்லை. எடுப்பதாக இருந்தால் அன்றைக்கே டிவியிலிருந்து விலகிவிடு. இரண்டையும் ஒன்றாகச் செய்தால், நாளைக்கு நீ சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

2006-ல் திமுக வெறும் 96 இடத்தை வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் எப்படி ஓட்டியது என்று மாமனார் உன்னிடம் கேட்கச் சொன்னார். காங்கிரஸ் ஆதரவு என்று நான் சொன்னது அவருக்குப் போதவில்லையாம், விவரமாக எழுது.

அன்புடன்,
முருகேசன்