மாமாவின் கை ஏன் நெளிகிறது?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம்.

மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் மாமாவின் கையும் கழுத்தும் நெளிவதைப் பார்த்து, பார்க்கின்சன் நோய் முற்றிவிட்டது என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். உன் பழைய அவசரம்! அது அவர் போடும் லெவோடோபா மாத்திரையால் வரும் டிஸ்கைனீசியா, அதாவது தன்னிச்சையில்லாத நெளிவு, என்றுதான் தோன்றுகிறது. அதில் செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தை வெளிவிடும் நரம்பணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த நோயில், அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற ரசாயனத்தை உண்டாக்கும் நரம்பணுக்கள் பெரும்பாலும் அழிந்தபின், விழுங்கிய லெவோடோபாவை டோபமைனாக மாற்றும் வேலை மூளைத்தண்டிலுள்ள ராஃபே நரம்பணுக்கள் தலையில் விழுகிறது. அவை செரட்டோனினுக்கானவை. மாற்றும் நொதி அவற்றிடமும் இருக்கிறது, சேமித்து வைக்கவும் முடியும். ஆனால் வெளியே விட்டது போதும் என்று உணர்த்தும் டி2 ஏற்பி கிடையாது. மிஞ்சியதைத் திரும்ப உறிஞ்சும் டோபமைன் கடத்தியும் கிடையாது. மருந்து ரத்தத்தில் ஏறும்போது கொட்டுகின்றன, இறங்கும்போது வறள்கின்றன. 2007இல் எலிகளில் இந்த நரம்பணுக்களை அழித்துப் பார்த்தார்கள், நெளிவு நின்றுபோனது. மனிதர்களிடம் அவ்வளவு சுலபமாக இல்லை. அவற்றை அடக்கும் சாரிசோட்டான் என்ற மருந்து பெரிய சோதனைகளில் தேறவில்லை. அதிகம் அடக்கினால் லெவோடோபாவின் பலனும் குறையும்.

அதற்காக மாமாவாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை போட்ட நேரம், நெளிவு தொடங்கிய நேரம், நின்ற நேரம் மூன்றையும் ஒரு வாரம் குறித்து டாக்டரிடம் காட்டு. மருந்தின் உச்சத்தில்தான் வருகிறது என்றால் ஒரு வேளைக்கான அளவைக் குறைத்து வேளைகளைக் கூட்டலாம், அல்லது நெளிவைக் குறைக்கும் அமன்டடின் மருந்தைச் சேர்க்கலாம்.

மாமா யாரோடும் பேசுவதில்லை என்று சரசு அக்கா கோபப்படுகிறாளாமே. கோபப்படாமல் இருக்கச் சொல். பலருக்கு நோய், டோபமைன் நரம்பணுக்கள் இருக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற மூளைப் பகுதியைத் தொடும் முன்பே ராஃபேயைத் தொட்டுவிடுகிறது என்று பிராக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 2003இல் எழுதினார். மனச்சோர்வு நடுக்கத்துக்கு முன்பே வருவதும் உண்டு. அது அவருடைய பிடிவாதம் இல்லை, வைத்தியம் செய்ய வேண்டிய நோய்.

என் பெரிய கவலை மாமா குடிப்பதாக நீ எழுதிய அந்த இருமல் சிரப். அவர் பார்க்கின்சனுக்கு ராசகிலின் என்ற மாத்திரையும் சாப்பிடுகிறார். சிரப்பில் இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருந்தால், இரண்டும் சேர்ந்து உடலில் செரட்டோனின் அளவுமீறலாம். வலிக்கு டிரமடாலும் கூடாது. மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதும் டாக்டரிடம் ராசகிலின் சீட்டைக் கட்டாயம் காட்டு. மனக்கலக்கம், கொட்டும் வியர்வை, காய்ச்சல், கால் துள்ளல் எல்லாம் சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போ.

பாட்டில் லேபிளில் உள்ள மருந்துப் பெயர்களை இன்றே எழுதி அனுப்பு.

அன்புடன்,
மணி