யாக்கோபும் மாமன் மகள்தானே கட்டினார்!

அன்புள்ள சூசை,

பத்திரிகை கிடைத்தது. உன் அக்கா மகள்தான் உனக்கு மருமகள் என்பது எங்களுக்கெல்லாம் பத்து வருடமாகத் தெரியும். பையனுக்கும் பெண்ணுக்கும்தான் கடைசியில் தெரிந்திருக்கிறது!

ஆயரின் அனுமதி வருவதற்குள் உயிர் போய்விட்டது என்றாய். அத்தை மகளைக் கட்ட எதற்கு அனுமதி, பைபிளில் தடை இருக்கிறதா என்று கேட்டாய். இல்லை. யாக்கோபு கட்டிய லேயாளும் ராகேலும் தாய்மாமன் மகள்கள்தானே.

தடை பின்னால் வந்தது. ஜாக் கூடி என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் 1983-இல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஐரோப்பாவில் திருச்சபை சொந்தத்தில் கல்யாணம் கூடாது என்றது, தத்தெடுப்பதை விரும்பவில்லை, அண்ணன் இறந்தால் அண்ணியைத் தம்பி கட்டுவதையும் தடுத்தது. மூன்றுமே சொத்தைக் குடும்பத்துக்குள் நிறுத்தும் வழிகள். வழியை அடைத்துவிட்டால் வாரிசில்லாதவர் நிலம் கோயிலுக்குத்தான் வரும் என்பது அவர் வாதம்.

எனக்கு இதில் பாதிதான் சம்மதம். நிலம் சேர்ந்தது உண்மை. ஆனால் அதற்காகவே தடை போட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? திருச்சபையின் பழைய பேரறிஞர் அகுஸ்தீனார் சொன்ன காரணமே வேறு. ஒரே ஆள் பல உறவாக இருப்பதைவிட, ஒவ்வோர் உறவுக்கும் ஒரு ஆள் இருந்தால் அன்பு நிறையப் பேருக்குப் பரவும் என்றார். நாமோ மாமனே மாமனாராவதைப் பெருமையாகச் சொல்கிறோம்.

11-ஆம் நூற்றாண்டில் தடை ஏழு தலைமுறை வரை நீண்டது. கிராமத்தில் யாரைத்தான் கட்டுவது? பெரிய இடத்து ஆட்களுக்கோ வசதியாகப் போயிற்று. பிரெஞ்சு அரசன் ஏழாம் லூயிக்கும் அவன் மனைவி எலினோருக்கும் இரண்டு பெண்கள் பிறந்த பிறகு, 1152-இல், 'நாங்கள் சொந்தம்' என்று கல்யாணத்தையே செல்லாததாக்கிக்கொண்டார்கள். எட்டே வாரத்தில் அவள் கட்டிய ஹென்றி, பின்னாளில் இங்கிலாந்து அரசன், அவனும் சொந்தம்தான்!

கடைசியில் 1215-இல், ஆயர்கள் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் ஏழு தலைமுறையை நான்காகக் குறைத்தது. சொத்து மட்டுமே குறியென்றால் ஏன் தளர்த்த வேண்டும்? அவர்கள் எழுதிவைத்த காரணம், உடம்பில் நான்கு நீர்கள் இருக்கின்றனவாம். நம் வாத பித்த கபத்தோடு ஒன்று கூட்டிக்கொள்.

கல்யாண ஓலை வாசிப்பதை, அதாவது நடக்கப்போகும் கல்யாணத்தைக் கோயிலில் முன்கூட்டியே அறிவிப்பதை, எல்லா ஊருக்கும் விதியாக்கியதும் அதே சங்கம்தான். உன் பங்குச்சாமியார் ஓலை வாசிக்கும் ஞாயிறு எது என்று எழுது. 'தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்' என்பாரே, அப்போது எழுந்து நிற்கலாமென்று இருக்கிறேன். கல்லூரியில் நீ வாங்கிய இருநூறு ரூபாய் இன்னும் வரவில்லை.

உன்,
கதிர்