இரட்டைக் குழாய் சைலன்சரில் உள்ள குறைபாடுகள்: பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
பீட்டில் கார் உரிமையாளர்
(பெயரும் முகவரியும் விற்பனைப் பட்டியலில் உள்ளபடி),
குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோயம்புத்தூர்.

நாள்: 9.12.2024

பொருள்: ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காருக்கு வாங்கிய இரட்டைக் குழாய் சைலன்சர், ஒப்புக்கொண்ட விவரங்களுக்கு மாறாக இருப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனத்தில் 34,800 ரூபாயை முன்கூட்டியே செலுத்தி நான் வாங்கிய இரட்டைக் குழாய் சைலன்சரும், அதனுடன் சேர்ந்த ஹெடர் குழாய்களும் (இன்ஜினின் புகையைச் சைலன்சருக்குக் கொண்டுவரும் குழாய்கள்) நவம்பர் முதல் வாரத்தில் என் கைக்கு வந்தன. ஆர்டரின்போது தாங்கள் மின்னஞ்சலில் உறுதிசெய்த விவரங்களில் முக்கியமானவை எதுவும் அந்தப் பொருளில் இல்லை. இதை அதே மாதத்தில் எழுத்து மூலம் தெரிவித்தும், தங்கள் விற்பனைப் பிரிவு பொருளைத் திரும்பப் பெற மறுத்துவிட்டது. எனவே முழு விவரத்தையும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

என்னுடையது 1968-ஆம் ஆண்டு பீட்டில். அதில் இப்போது இருப்பது 1600 இரட்டைப் போர்ட் இன்ஜின். 85.5 மில்லிமீட்டர் பிஸ்டன்களுக்குப் பதிலாக 87 மில்லிமீட்டர் பிஸ்டன், சிலிண்டர் செட் போட்டு அதை 1641 சி.சி.யாக மாற்றியிருக்கிறேன். நடுவில் ஒரே ஒரு சோலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்புரேட்டர்தான். இதையெல்லாம் நானாக எழுதவில்லை. இன்ஜின் கொள்ளளவு, கார்புரேட்டர் எண்ணிக்கை, ஹீட்டர் உண்டா இல்லையா, வண்டி எந்த ஊரில் ஓடுகிறது என்று தங்கள் படிவமே கேட்டதால் நிரப்பி அனுப்பினேன். வண்டி ஓடும் ஊர் குன்னூர், கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே, என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்தப் படிவத்தைப் பார்த்த பிறகுதான் தங்கள் ஆலோசகர் இந்த மாடலைப் பரிந்துரைத்தார்.

இரட்டைக் குழாய் என்பது பீட்டிலுக்குப் புதிய அலங்காரம் அல்ல. 1956 மாடலிலிருந்தே அதன் பின்புறத்தில் இரண்டு வால்குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தோற்றம் மாறாமல், பழைய சைலன்சரைவிடச் சற்று தாராளமாகப் புகை வெளியேற வேண்டும். ஆனால் சத்தம் கூடக் கூடாது என்பதே என் தேவை. தாங்கள் ஒப்புக்கொண்டவை இவை: ஹெடர் குழாய் 35 மில்லிமீட்டர் விட்டம் கொண்டதாக இருக்கும்; நான்கு சிலிண்டர்களின் புகையும் சைலன்சர் பெட்டிக்குள் ஒரே பொது அறையில் கலந்து அதன்பின் இரண்டு குழாய்களில் பிரியும்; இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் கலந்த காற்று போகும் குழாயைச் சூடாக்கும் குழாய்க்கு இருபுறமும் இணைப்பு இருக்கும்; புகையின் சூட்டால் ஹீட்டருக்கான காற்றைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர்களை மாற்றாமலே பொருத்தலாம்; வால்குழாய்கள் பின்பக்க ஏப்ரன் தகட்டில் (வண்டியின் பின்புறக் கீழ்த்தகடு) உள்ள பிறை வெட்டுகளுக்குள் சரியாக அமரும்.

முதலில் மேனிஃபோல்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஏனெனில் வண்டியை ஓட்ட முடியாமல் செய்தது அதுதான். நடுவில் ஒற்றைக் கார்புரேட்டர் உள்ள பீட்டிலில், பெட்ரோல் கலந்த காற்று நீண்ட குழாய்கள் வழியாக இருபுறமும் உள்ள சிலிண்டர் ஹெட்டுகளுக்குப் போக வேண்டும். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் அந்த இடம் கடுமையாகக் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் உள்ளேயே உறைகிறது. இதைத் தடுக்கத்தான் கார்புரேட்டருக்குக் கீழே ஒரு மெல்லிய குழாயில் சூடான புகையைச் செலுத்தும் ஏற்பாட்டை ஃபோக்ஸ்வேகன் வைத்தது. ஒவ்வொரு ஹெட்டுக்கும் தனிக் கார்புரேட்டர் வைத்தவர்களுக்கு இது தேவையில்லை, எனக்குத் தேவை. இதற்குக் கடும் பனிப்பொழிவு வேண்டியதில்லை. காற்று ஈரமாக இருந்தால் இருபது டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில்கூடக் கார்புரேட்டரில் பனி கட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குன்னூரின் காலைப்பொழுது அதைவிடக் குளிர்ச்சியானது, மூடுபனியும் சேர்ந்தது.

தங்கள் சைலன்சரைப் பொருத்தியதும், கிளம்பிய சிறிது நேரத்தில் இன்ஜின் திணறத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிட்டது. பின்புறமுள்ள இன்ஜின் மூடியைத் திறந்தபோது, கார்புரேட்டருக்குக் கீழே மேனிஃபோல்டின் வளைவு முழுவதும் வெண்பனி படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் ஐஸ் துகள்களாக உதிர்ந்தது. அதன் அடியிலிருந்த சூடாக்கும் குழாய், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெறும் கையால் பிடிக்கும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. இணைப்பு போல்ட்டுகளைக் கழற்றி, கேஸ்கெட்டை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். ஃபிளாஞ்சு, அதாவது குழாயை இணைக்கும் தகடு, அழகாக வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. அதற்குப் பின்னால் ஹெடர் குழாயில் துளை இல்லை. இரண்டு பக்கமும் இல்லை. காது குத்தாமலே கம்மல் மாட்டியதுபோல, இணைப்பு இருக்கிறது, வழி இல்லை.

இதைத் தொலைபேசியில் தெரிவித்தபோது, "நம்ம ஊரு வெயிலுக்கு அந்த ஓட்டையெல்லாம் எதுக்குங்க சார்?" என்று தங்கள் ஊழியர் கேட்டார். கோவை வெயிலில் அது இல்லாமல் சமாளித்துவிடலாம். நான் படிவத்தில் எழுதிய ஊர் கோவை அல்ல. வேண்டுமானால் நானே துளையிட்டுக்கொள்ளலாம் என்றும் அவர் யோசனை கூறினார். ஹெடரில் துளையிட்டாலோ வெட்டினாலோ உத்தரவாதம் ரத்தாகும் என்று தங்கள் உத்தரவாத அட்டை சொல்வதை அவர் அறிந்திருந்தாரா என்று தெரியவில்லை.

அடுத்தது பெட்டியின் உள்ளமைப்பு. பீட்டிலின் வெடிப்பு வரிசை, அதாவது சிலிண்டர்களில் எரிபொருள் எரியும் வரிசை, 1-4-3-2. இதில் 1, 2 ஆகியவை வலப்பக்கச் சிலிண்டர்கள். 3, 4 ஆகியவை இடப்பக்கம். ஆகவே இடப்பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு வெடிப்பு, பிறகு வலப்பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு என்றே இன்ஜின் சுழல்கிறது. ஒரு பக்கத்துக் குழாய்க்கு, இன்ஜின் தண்டின் சுழற்சியில் 180 டிகிரி (அரைச் சுற்று) இடைவெளியில் இரண்டு புகைத் துடிப்பு வந்தால், அடுத்த துடிப்புக்கு அது 540 டிகிரி காத்திருக்க வேண்டும். நான்கு குழாய்களும் ஓரிடத்தில் கலந்தால்தான் 180 டிகிரிக்கு ஒன்றாகச் சீரான ஓட்டம் கிடைக்கும். பழைய சைலன்சரின் ஒற்றை உருளைக்குள் நான்கும் கலந்தது இதனால்தான். இருபக்கத்தையும் தனித்தனியே விட்டால் ஒரு பக்கத்தில் நெருக்கியடித்து வரும் இரண்டு துடிப்பும் ஒன்றையொன்று மறிக்கும், சத்தமும் விட்டுவிட்டு அடிக்கும்.

தங்கள் பெட்டி வெளியிலிருந்து பார்க்க ஒரே அறைதான். ஆனால் சத்தம் சந்தேகத்தைக் கிளப்பியதால், அதைக் கழற்றி, வால்குழாய்கள் கீழே வரும்படி நிறுத்தி, இடப்பக்க நுழைவாயிலில் தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் முழுவதும் இடப்பக்க வால்குழாய் வழியாக மட்டுமே வந்தது. வலப்பக்கம் ஒரு சொட்டுகூட வரவில்லை. வலப்பக்கம் ஊற்றியபோதும் அவ்வாறே. நடுவே முழுத் தடுப்புத் தகடு வைத்து, இரண்டு சிறிய சைலன்சர்களை ஒரே உறைக்குள் போட்டு விற்றிருக்கிறீர்கள். இந்தச் சோதனையின் காணொளியை முன்பே அனுப்பியிருக்கிறேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. "ஸ்போர்ட்ஸ் சவுண்டு என்றால் அப்படித்தான் இருக்கும்" என்பது மட்டும் தொலைபேசியில் கிடைத்த விளக்கம். ஸ்போர்ட்ஸ் சவுண்டு வேண்டாம் என்றே இந்த மாடலைத் தேர்ந்தெடுத்தேன். இயன்றவரை சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-ஆம் விதி சொல்கிறது. மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் பதில் சொல்ல வேண்டியவன் நான், தாங்கள் அல்ல.

ஹெடர் குழாயின் அளவும் மாறியிருக்கிறது. வெர்னியரில் அளந்தால் 38 மில்லிமீட்டர். பெரிய குழாய் பெரிய இன்ஜினுக்கும் அதிக சுழற்சிக்கும் ஏற்றது. கல்லாறிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் 1641-க்கு, குறைந்த சுழற்சியிலும் புகையின் வேகம் தளராத சிறிய குழாய்தான் வேண்டும். ஆனால் நான் கவலைப்படுவது இழுவையைப் பற்றி மட்டுமல்ல. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாய்க்குப் பொருந்துவதற்காக அந்த 38 மில்லிமீட்டர் குழாயின் முனையை நசுக்கிச் சுருக்கியிருக்கிறீர்கள். முனை வட்டமாக இல்லாததால் கிளாம்ப்பை எவ்வளவு முறுக்கினாலும் இணைப்பு அடைபடவில்லை. சில நாட்களிலேயே கிளாம்ப்பைச் சுற்றிக் கரிக்கோடு படிந்தது. காற்றால் குளிரும் இந்த வண்டியில், இன்ஜினைக் குளிர்விக்கும் அதே விசிறிதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர்கள் வழியாகச் சூடான காற்றைப் பயணிகள் பகுதிக்கும் அனுப்புகிறது. கசியும் புகை தகடுகளின் இடைவெளியில் இன்ஜின் அறைக்குள் ஏறினால், விசிறி அதை இழுத்து நேராகக் காருக்குள் தள்ளிவிடும். ஹீட்டரைத் திறந்தபோது புகை நெடி வந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நெடிகூடக் கிடையாது என்பதைத் தங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹீட்டரை மூடி வைத்துவிட்டு ஓட்டலாமே என்றால், குன்னூர் மூடுபனியில் முன்கண்ணாடியைத் துடைப்பது அந்தச் சூடான காற்றுதான்.

வால்குழாய்கள் ஏப்ரன் வெட்டுகளில் அமரவில்லை. வலப்பக்கக் குழாய் தகட்டில் உரசி, பெயிண்ட் கருகி உரிந்துவிட்டது. படம் இணைத்திருக்கிறேன்.

ஒருமுறை வண்டியில் பொருத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்பதே தங்கள் விற்பனைப் பிரிவின் இறுதிப் பதில். அப்படி ஒரு நிபந்தனை பட்டியலில் அச்சிடப்படவில்லை. சைலன்சரைப் பொருத்தி இன்ஜினை ஓட்டாமல் அதன் கசிவையும் சத்தத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. குறைபாடுள்ள பொருளை, பட்டியலில் காலவரம்பு குறிப்பிடப்படாத நிலையில், 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. என் முதல் எழுத்துப் புகார் அந்த 30 நாட்களுக்குள்ளேயே தங்களுக்கு வந்திருக்கிறது.

ஆகவே, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பொருளின் விலையான 34,800 ரூபாயையும், ஏப்ரன் தகட்டுக்கு டிங்கரிங் மற்றும் பெயிண்ட் செலவான 4,500 ரூபாயையும் என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். சைலன்சரும் ஹெடர்களும் கழற்றப்பட்டு, தாங்கள் அனுப்பிய அதே பார்சல் பெட்டியில் என் மெக்கானிக்கின் பட்டறையில் இருக்கின்றன. தங்கள் செலவில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். மாற்றுப் பொருள் தருவதாக இருந்தால் அதையும் பரிசீலிக்கத் தயார்; ஆனால் அனுப்புவதற்கு முன் மேனிஃபோல்டு இணைப்பின் துளையும், ஹெடரின் விட்டமும், பெட்டியின் பொது அறையும் தெரியும்படி எடுத்த படங்கள் எனக்கு வந்தாக வேண்டும். வெறும் வாய்வார்த்தை உறுதியை இம்முறை ஏற்க இயலாது.

கெடு முடிந்தும் பணமோ பதிலோ வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வேன். (94 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்ட பீட்டில் இன்ஜினின் சி.சி.யும் 1915 என்பதால், எங்களைப் போன்றவர்களுக்கு இந்த எண்ணைக் குறித்துவைக்க வேண்டிய அவசியமில்லை.) அதன் பிறகு, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருவதால், நீலகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

பட்டியலின் நகல், தங்கள் படிவத்தின் நகல், ஆலோசகரின் மின்னஞ்சல், துளையில்லாத ஃபிளாஞ்சு, கரி படிந்த கிளாம்ப், கருகிய ஏப்ரன் ஆகியவற்றின் படங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
குன்னூர்