ஒழுகிய குழாய்க்கு வாஷர் மாற்ற வந்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

கோடம்பாக்கம் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும், கூடுவாஞ்சேரியில் எங்கள் புதுத் தெருக்காரர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். பாப்பா நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். பால் குடிக்கிறாள், தூளியில் தூங்குகிறாள். அந்த ஒன்பது நாளைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை.

நாங்கள் பூட்டிவிட்டு ஓடியது கோடம்பாக்கத்து மூன்றாம் மாடி வீட்டை. வந்து திறந்தது கூடுவாஞ்சேரியில் நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து குடிவைத்த வீட்டை.

பிளம்பர் அண்ணா, முதல் நன்றி உங்களுக்கு. எதிர்வீட்டு அம்மா உங்களைக் கூப்பிட்டது சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற. அரைமணி நேர வேலை. கைக்குழந்தை வரப்போகிற வீடு என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக நீங்கள் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடியைத் தூக்கிப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு இரண்டு நாள் எங்கள் வீட்டில்தான் இருந்திருக்கிறீர்கள். நீங்கள் செய்ததை ஒன்றுவிடாமல் இங்கே எழுதக் காரணம், தெருமுனையில் இன்னும் இரண்டு வீடுகள் முடியும் தறுவாயில் இருக்கின்றன. அங்கேயும் யாராவது குழந்தையோடு வருவார்கள்.

மாதக்கணக்கில் ஆளில்லாத வீட்டின் சம்ப், மேலே பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். அடியில் வண்டல், சுவரில் வழுவழுப்பு, மூடி இடுக்கு வழியே போன கொசுவின் முட்டை. டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை காய்ந்த சுவரில்கூட மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்தே ஆகவேண்டும். அண்ணன் முதலில் மோட்டார் மெயினை அணைத்தார். மூடியை முழுதாகத் திறந்து அரைநாள் அப்படியே விட்டார். மூடிக் கிடந்த சம்புக்குள் மூச்சுவிடக் காற்று இல்லாமல் போகலாம். இறங்கியவர் மயங்கி, தூக்கப் போனவரும் மயங்கி இறந்த செய்திகள் நம் ஊரிலேயே உண்டு. ஃபேனை வைத்து உள்ளே காற்றடித்து, மேலே ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். சோப்பு போடவில்லை. தேங்காய் நாரும் பிளாஸ்டிக் பிரஷும்தான். மூலைகளை இரண்டு தடவை தேய்த்து, வண்டலைத் துணியால் ஒற்றி எடுத்து, கெட்டியாகக் கரைத்த பிளீச்சிங் தண்ணீரைச் சுவரெல்லாம் பூசி, அரைமணி கழித்துக் கழுவிக் கொட்டியிருக்கிறார். கறை போகவில்லை என்று சிலர் ஆசிட் ஊற்றுவார்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

மோட்டார் சுவிட்சுக்கு மேலே, நோட்டுத்தாளில் அவர் எழுதி ஒட்டிய கணக்கு இது: நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அடிக் கணக்கில் அளந்து பெருக்கி, 28-ஆல் பெருக்கினால் லிட்டர். எங்கள் சம்ப் ஆறுக்கு ஐந்து, தண்ணீர் நான்கு அடி. ஆக 3,360 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் வீதம் ஏறக்குறைய 14 கிராம். மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, ஒரு பழைய இருமல் மருந்து மூடியில் அந்த அளவுக்குப் பேனாவால் கோடு போட்டு, ஆணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பவுடரை நேராகக் கொட்டக் கூடாது. கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வாளியில் கரைத்து, பத்து நிமிடம் சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் மோட்டார் போட வேண்டும். பிரித்த பொட்டலம் காற்றுப் பட்டால் வீரியம் போய்விடும். வாசனையில்லாத பவுடரில் பயனும் இல்லை.

இதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அண்ணன் மாடித் தொட்டியின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து சேற்றை வெளியேற்றினார். பிறகு வீட்டின் ஒவ்வொரு குழாயையும் லேசான குளோரின் வாடை வரும்வரை ஓடவிட்டார். தொட்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், குழாய்க்குள் மாதக்கணக்கில் தேங்கியதுதானே முதலில் வரும்! கீசரையும் காலி செய்து நிரப்பியிருக்கிறார். நிரம்பிக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்காமல் கீசர் சுவிட்சைப் போடக் கூடாது, ஹீட்டர் கருகிவிடும்.

பாப்பாவுக்கு ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால்தான், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. ஆனால் பாலாடையைக் கழுவுவதும், அவளைக் குளிப்பாட்டுவதும், அவளைத் தூக்குகிற எங்கள் கையைக் கழுவுவதும் இந்தத் தண்ணீரில்தான். பாலாடையைக் கழுவியபின் கொதிக்கவைத்தே எடுக்கிறோம்.

எல்லாவற்றையும்விட எங்களை உடையவைத்தது அந்தச் சம்ப் மூடி. இரண்டடிக்கு இரண்டடி இரும்புத் தகடு, காலால் தள்ளினால் நகரும். அண்ணன் அதற்குக் கீல் வைத்து, கொண்டியடித்து, பித்தளைப் பூட்டு போட்டிருக்கிறார். இரும்புப் பூட்டு ஒரு மழையில் துருப்பிடித்து இறுகும், பிறகு யாரும் பூட்டாமல் விட்டுவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருக்கிறார், கொசு நுழையாது. ஓவர்ஃப்ளோ குழாயின் வாயில் வலை. தாளின் கடைசியில் இரண்டு வரி: “வாளியில் தண்ணீர் மிச்சம் வைக்காதீர்கள், கவிழ்த்து வையுங்கள். ஐப்பசிக்குள் மூடியைச் சுற்றி ஒரு வரிசை செங்கல் எழுப்புங்கள், இல்லாவிட்டால் தெருத் தண்ணீர் உள்ளே போகும்.” அண்ணா, எங்கள் பெண் இன்னும் தவழவில்லை. அவள் தவழப்போகும் நாளை எங்களுக்கு முன்னால் நீங்கள் நினைத்துவிட்டீர்கள். நான்கு விரற்கடைத் தண்ணீர் நிற்கும் வாளிகூடத் தவழும் குழந்தை மூழ்கப் போதும் என்பது இதையெல்லாம் பார்த்த கைக்குத்தான் தெரியும். வாஷருக்கும் கூலிக்கும் மட்டும் கணக்குச் சொன்னீர்கள். பூட்டுக்கு எவ்வளவு என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

கோடம்பாக்கத்து அக்காமார்களே, எங்கள் வீட்டுச் சாமான்களை எங்களைவிட ஒழுங்காகக் கட்டினீர்கள். கொசுவலை, பருத்தித் துணி, பாலாடை, தாய் சேய் நல அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, குட்டியானையில் கடைசியாக ஏற்றி முதலில் இறக்கச் சொன்னது எவ்வளவு பெரிய உதவி! ஃபிரிட்ஜைப் படுக்கவைக்காமல் நிறுத்தியே கொண்டுவந்த ஓட்டுநர் தம்பிக்கும், ராத்திரியில் லிஃப்ட் அருகிலேயே நின்ற வாட்ச்மேன் ஐயாவுக்கும் நன்றி. ஃபேன் கொக்கியில் தூளி கட்டக் கூடாது என்று கான்கிரீட்டில் தனிக் கொக்கி பதித்து, 25 கிலோ அரிசி மூட்டையை ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்த கொத்தனார் அண்ணனுக்கும்.

தள்ளிப்போன 14-வது வாரத் தடுப்பூசிக்காகக் கலங்கியிருந்தோம். முதலிலிருந்து போட வேண்டாம், விட்ட தவணையிலிருந்து தொடர்ந்தால் போதும், அட்டையும் ஆர்.சி.எச். எண்ணும் (கர்ப்பப் பதிவு எண்) இருந்தால் ஊர் மாறியது ஒரு பொருட்டில்லை என்று வாசலிலேயே நின்று சொல்லிப்போன செவிலியர் அம்மாவுக்கு எங்கள் வணக்கம். அடுத்த புதன்கிழமை வருகிறோம்.

இங்கே போர் தண்ணீர் கடினம். சோப்பு நுரைக்காது, துணியில் தங்கும், குழந்தையின் தோல் சிவக்கும். துணியைக் கடைசியாக ஒருமுறை கேன் தண்ணீரில் அலசச் சொன்ன பக்கத்து வீட்டு ஆசிரியருக்கும் நன்றி சார். கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், உப்பும் நைட்ரேட்டும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும் என்று நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டோம். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் குடிநீர்த் தர அளவு. பாப்பா தண்ணீர் குடிக்கத் தொடங்கும் முன் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுவோம்.

வாரம் ஒருமுறை மூடியையும் வலையையும் பார்ப்போம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே முறையில் சம்பைக் கழுவுவோம். இது அண்ணனுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு. அந்தத் தாளைப் பத்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். புது வீடுகளுக்கு யார் வந்தாலும் சாமான் இறங்கும் முன்பே ஒன்று அவர்கள் கையில் இருக்கும். செங்கல் வேலை ஆவணிக்குள் முடியும்.

பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று எங்களிடம், இன்னொன்று எதிர்வீட்டு அம்மாவிடம். நாங்கள் இல்லாத நேரத்தில் தண்ணி லாரி வந்தால் அவரிடம் கேளுங்கள். நிரப்பியதும் மறக்காமல் பூட்டிவிடச் சொல்லுங்கள்.