ஓட்டோகிளேவ் மெசினைத் திருத்தாமலும் சான்றிதழ் தராமலும் இழுத்தடிப்பது தொடர்பான புகார்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பதிகாரிக்கு,

வணக்கம். மல்லாவியில் உள்ள எங்கள் பல் சிகிச்சை நிலையத்துக்கு உங்களிடம் வாங்கிய 23 லீற்றர் ஓட்டோகிளேவ், அதாவது கருவிகளை நீராவியில் அவித்துக் கிருமி நீக்கும் மெசின், பற்றித்தான் திரும்பவும் எழுதுகிறேன். போனில் கதைத்துக் களைத்துப்போனேன், வாட்ஸ்அப்பில் பார்த்ததற்கு அடையாளம் விழுகிறதே தவிர பதில் வருவதில்லை. உத்தரவாதக் காலம் இன்னும் இருக்கிறது, உங்கள் பதிவைப் பார்த்தாலே தெரியும்.

சுகாதார அதிகாரிகள் மீள் பரிசோதனைக்கு வரப்போகிறார்கள். முதல் தடவை வந்தபோது எழுதிக்கொடுத்த குறைகளை நாங்கள் ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டோம். எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குபடுத்தும் சபையின் அனுமதிப்பத்திரம் எடுத்தாச்சு, பாவித்த ஊசிகளைப் போடும் மஞ்சள் பெட்டி சுவரில் பூட்டியாச்சு, வேலை செய்யும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஹெபடைற்றிஸ் பி தடுப்பூசி அட்டை கோப்பில் இருக்கிறது, அவசர மருந்துத் தட்டில் அட்ரினலின் காலாவதியாகாமல் இருக்கிறது, யார் எதற்குப் பொறுப்பு என்றுகூட எழுதி ஒட்டியிருக்கிறோம். மிச்சம் இருப்பது உங்கள் மெசின் மட்டும்தான். அது காட்டும் அளவுகள் சரி என்று சொல்லும் கலிபிரேஷன் சான்றிதழ் வேண்டும், நீங்கள்தான் தரவேண்டும்.

சான்றிதழுக்கு முதல் மெசின் வேலை செய்ய வேண்டுமே. உள்ளே இருக்கிற காற்றை வெளியே எடுக்கும் வக்கும் பம்ப் அதை முழுதாக இழுப்பதில்லை. திரையில் 134 டிகிரி காட்டுகிறது, நேரமும் சரியாக ஓடுகிறது, ஆனால் நீராவி உள்ளுக்குள் போகிறதா என்று நிறம் மாறிக் காட்டும் ஹீலிக்ஸ் சோதனைத் துண்டை எடுத்துப் பார்த்தால் முதல் இரண்டு கோடுதான் கறுத்திருக்கும், மிச்சம் எல்லாம் மஞ்சளாகவே நிற்கும். பல்லைக் குடையும் கைக்கருவியான ஹேண்ட்பீஸுக்குள் இருக்கிற சின்ன ஓட்டைக்குள் நீராவி போகவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? ஒருத்தரின் வாயில் இருந்த இரத்தம் இன்னொருத்தரின் வாய்க்குப் போகக்கூடாது என்றுதான் கூடுதல் காசு கொடுத்து, காற்றை இழுத்துவிட்டு நீராவி விடும் பி வகுப்பு மெசின் வாங்கினோம். அது என்ன கோளாறு என்று நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, உங்கள் மெசின், உங்களுக்குத் தெரியும்.

இதைச் சொன்னதற்கு உங்கள் சேவைப் பிரிவில் போன் எடுத்தவர் என்ன சொன்னார் தெரியுமா? “அக்கா, உங்கட பக்கம் கிணத்துத் தண்ணியத்தானே ஊத்தியிருப்பியள், வன்னித் தண்ணிக்கு எந்த மெசினும் நிக்காது” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். வன்னிக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட என்பது இங்கே பிறந்த எங்களுக்குத் தெரியாதா? கேத்தில் அடியில் படிகிற வெள்ளையைத் தினமும் சுரண்டுகிறவர்கள் நாங்கள். அதனால்தான் முதல் நாளில் இருந்தே வடித்த தண்ணீர் கான் கானாக வவுனியாவில் வாங்கி ஊற்றுகிறோம், ஒவ்வொரு பில்லும் இருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுக்க முதல் போனை வைத்துவிட்டார்.

வவுனியாவுக்கு அலைந்ததைச் சொல்லாமல் விட முடியாது. ரெக்னீசியன் மல்லாவிக்கு வரமாட்டார், நீங்களே கிளைக்குக் கொண்டு வாருங்கள் என்று திகதி தந்ததும் இதே ஆள்தான். அன்றைக்குப் போயா விடுமுறையாச்சே என்று நான் கேட்டேன். சேவைப் பிரிவு திறந்திருக்கும், வாங்கோ என்றார். மெசின் ஐம்பது கிலோவுக்குக் குறையாது, வான் பிடித்து, மெத்தை விரித்து, மாங்குளம் சந்தி வரைக்கும் குலுங்கக் குலுங்கப் போய் ஏ9இல் ஏறி வவுனியாவில் இறங்கினால் கதவு பூட்டு. வெயிலுக்குள் நின்று எடுத்த போனுக்கும் பதிலில்லை. வான் காசு, அன்றைய வருமானம் எல்லாம் யார் தலையில்? திரும்பி வந்த பிறகு மெசின் கதவில் நீராவி கசியாமல் அடைக்கும் சீலும் சரியாக மூடுவதில்லை. அதையும் நாங்கள் உடைத்தோம் என்று சொல்வீர்களோ தெரியாது.

மெசினைப் பொருத்த வந்த தம்பி அவ்வளவு பொறுமையாக எல்லாம் சொல்லித் தந்தார், அதற்கு நன்றி. அப்படியானவர்களும் உங்களிடம் இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு நாளும் பொறுத்திருந்தோம்.

இப்போது ஹேண்ட்பீஸ்களைப் பொதி செய்து கிளிநொச்சியில் தெரிந்த டொக்டர் ஒருவரின் கிளினிக்கில் அவித்துக் கொண்டு வருகிறோம். ஒரு நாளைக்கு ஒரு சிலரைத்தான் பார்க்க முடிகிறது. பல்லுக்கொதியோடு துணுக்காயில் இருந்தும் பாண்டியன்குளத்தில் இருந்தும் வருகிற சனத்தைத் திருப்பி அனுப்புகிறோம், அவர்கள் இனி இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். எங்கள் டொக்டர் வருடக்கணக்காகக் கட்டியெழுப்பின பெயர் முழுக்க உங்கள் ஒரு மெசினால் நாசமாய்ப் போய்விட்டது. தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி, அதாவது 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அது நின்றால் கிளினிக்கை இழுத்து மூடவேண்டியதுதான்.

தயவுசெய்து ரெக்னீசியனை மல்லாவிக்கே அனுப்புங்கள். பம்பையும் சீலையும் மாற்றி, எங்கள் கண்முன் ஹீலிக்ஸ் சோதனை செய்து எல்லாக் கோடும் கறுத்த பிறகு சான்றிதழைத் தரட்டும். வான் காசையும் திருப்பித் தரவேண்டும். இந்தக் கிழமைக்குள் திகதி தராவிட்டால் 1977க்கு அழைத்து பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடுவேன், மருத்துவ உபகரணம் என்பதால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கும் எழுதுவேன். சும்மா வெருட்டுவதாக நினைக்க வேண்டாம், இரண்டு கடிதமும் எழுதி வைத்தாச்சு. பரிசோதனைக்கு வருகிற அதிகாரிகளிடமும் இந்தக் கடிதத்தின் பிரதியைக் கொடுப்பேன்.

தண்ணீர் பில்கள், சோதனைத் துண்டுகளின் படம், வான்காரரின் பற்றுச்சீட்டு எல்லாம் இணைத்திருக்கிறேன். பதில் சொல்ல அந்த ஆளை மட்டும் எடுக்க வைக்க வேண்டாம், பொறுப்பான ஒருவர் கதையுங்கள்.

இப்படிக்கு,
நிர்வாகப் பொறுப்பாளர்,
பல் சிகிச்சை நிலையம், மல்லாவி