காது கேளாதவன்போல

அன்பு மக்களே,

போன ஞாயிறு நீ போனை வைத்ததும் அம்மா ஓடி வந்து, "பிள்ள அழுதாளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கவலை இருந்திருக்காது. நீ வேலை சொல்லிக்கொடுத்து வளர்த்துவிட்ட பெண், உனக்கு மூன்று வருஷம் ஜூனியர், அவளை டீம் லீடர் ஆக்கிவிட்டார்கள். சரி, வயிறு எரியத்தான் செய்யும், எனக்கே எரிந்தது. ஆனால் ஆபீஸ் மெயிலில் அவளைப் பற்றிப் போட்டிருந்த நாலு வரியையும் ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தாய். அதே மெயிலில் உன்னைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தார்களாமே, என்ன எழுதியிருந்தார்கள் என்று கேட்டேன். "ஏதோ போட்டிருந்தாங்கப்பா, ஞாபகம் இல்ல" என்றாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எழுந்து பைபிளில் 1 சாமுவேலை எடுத்து வைத்துக்கொண்டு இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலின் கதையை முழுக்க வாசித்தேன். போனில் சொன்னால் "அப்பா பிரசங்கத்தை ஆரம்பிச்சாச்சு" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சண்டே ஸ்கூலில் உனக்கு சவுலை முதலில் காட்டியதே நான்தான், கடுகடுத்த முகமும் கையில் ஈட்டியுமாகப் படம் வரைந்து, "கெட்ட ராஜா" என்று. இப்போது அது தப்பு என்று தோன்றுகிறது. அப்பாவின் காணாமல் போன கழுதைகளைத் தேடிப்போன பையன் அவன். மற்றவர்கள் எல்லாரும் அவன் தோளுக்குத்தான் வருவார்கள், அவ்வளவு நெட்டை, அப்படிப்பட்டவன் ராஜாவாகத் தன் பேரில் சீட்டு விழுந்த அன்று மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே போய் ஒளிந்துகொள்கிறான். அன்றைக்கே சிலர், இவனா நம்மைக் காப்பாற்றப் போகிறான் என்று முகத்துக்கு நேரே அசட்டை பண்ணினார்கள். அவன் என்ன செய்தான் என்பதற்கு வேதத்தில் மூன்றே வார்த்தை: காது கேளாதவன்போல இருந்தான். அப்புறம் யாபேஸ் ஊர்க்காரர்களின் வலது கண்களைப் பிடுங்குவேன் என்று அம்மோனியரின் ராஜா மிரட்டியபோது, வயலிலிருந்து மாடுகளின் பின்னால் வந்துகொண்டிருந்த இதே சவுல்தான் படை திரட்டிப் போய் அவர்களை மீட்டான். ஜெயித்த சூட்டில் ஜனங்கள் தீர்க்கதரிசி சாமுவேலிடம், அன்று சவுலைப் பழித்தவர்களைக் கொண்டு வாரும், கொல்லுவோம் என்றார்கள். சவுலோ, இன்றைக்கு ஒருவரையும் கொல்லக்கூடாது என்றுவிட்டான். நானாக இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா, சந்தேகம்தான்.

அந்தக் காது எப்போது கெட்டது என்றுதான் தேடினேன்.

கில்காலில் சாமுவேல் சொன்னபடி ஏழு நாள் காத்திருந்தான். எதிரே பெலிஸ்தர், இவன் படையோ கரைந்து கரைந்து 600 பேருக்கு வந்துவிட்டது, சாமுவேலைக் காணோம், பொறுக்க முடியாமல் தானே பலி செலுத்திவிட்டான். செலுத்தி முடித்ததும் சாமுவேல் வந்து நிற்கிறார். இதில் நான் பாதி சவுல் பக்கம்தான். ஆனால் அவன் சொன்ன சாக்கைக் கவனி: ஜனங்கள் என்னைவிட்டுச் சிதறிப் போனார்கள் என்கிறான். அமலேக்கியர் விஷயத்திலும் அதே ஆள்தான் (ஆடுமாட்டைக்கூட விடாமல் அவர்களை அழி என்ற அந்தக் கட்டளையை இன்றைக்கு வாசித்தால் நெஞ்சை அடைக்கிறது, அது வேறு கதை). எல்லாவற்றையும் செய்து முடித்தேன் என்று சாமுவேலிடம் சொல்கிறான், பின்னால் ஆடு கத்துகிறது, மாடு கத்துகிறது. அப்படியானால் என் காதில் விழுகிற இந்தச் சத்தம் என்ன என்று கேட்கிறார் அவர். அதற்கும் ஜனங்கள்தான் காரணமாம். அதற்குள் கர்மேலில் தனக்கென்று ஒரு வெற்றித் தூண் வேறு நாட்டியாகிவிட்டது.

இதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டு. இளைஞன் தாவீதின் கையால் பெலிஸ்த ராட்சதன் கோலியாத் விழுந்து படை திரும்பி வருகிறது, ஊர் ஊராகப் பெண்கள் ஆடிப் பாடி வருகிறார்கள். யாரை வரவேற்க வந்தார்கள்? சவுல் ராஜாவை. பாட்டில் முதலில் வருகிற பேரும் அவனுடையதுதான், சவுல் கொன்றது ஆயிரம் என்று. அவன் காதில் அந்த ஆயிரம் விழவே இல்லை. தாவீதின் பதினாயிரம் மட்டும் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று முதல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான் என்று எழுதியிருக்கிறது. மறுநாளே ஈட்டி பறக்கிறது. உன் ஒரு வரியும் அவளுடைய நாலு வரியும் ஞாபகம் வந்ததா?

இன்னொன்று. வெறுப்பு முற்றிய பிறகு சவுல் பல இடங்களில் தாவீதின் பேரைக்கூடச் சொல்வதில்லை, "ஈசாயின் மகன்" என்பான். அந்த வெறுப்பில்தான் நோபு ஊர் ஆசாரியர்கள் 85 பேரை வெட்டச் சொன்னான், சொந்தச் சேவகர்களே கையை நீட்டவில்லை, ஏதோமியன் தோவேக்குதான் வெட்டினான். ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிஷம் பேசினோம், அந்தப் பெண்ணின் பேரை நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, "அவ", "அந்தப் பொண்ணு" என்றுதான். எனக்கு இது கேட்ட குரல்.

நீ ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எனக்கு வரவேண்டிய தலைமை ஆசிரியர் நாற்காலி என்னைவிட ஆறு வயது சின்னவருக்குப் போனது. நான் அவரை "அந்த ஆள்" என்பேன். அந்த வருஷம் முழுக்க ஸ்டாஃப் ரூமில் சாப்பிடாமல் கெமிஸ்ட்ரி லேபில் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டேன், பியூரெட் கழுவுகிற தொட்டியில் டிபன் பாக்ஸைக் கழுவினேன். ஆண்டு விழாவில் அவருக்கு எவ்வளவு நேரம் கைதட்டுகிறார்கள் என்று மனசுக்குள் எண்ணினேன். இவ்வளவும் உனக்கு அரைகுறையாகத் தெரியும். தெரியாதது இது: லேப் சாமான் வாங்கியதில் அவர் கணக்கு சரியில்லை என்று நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். இடது கையால் எழுதினேன். தபாலில் சேர்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான், சேர்த்தேன். கணக்கு ஒரு பைசா பிசகாமல் இருந்தது, விசாரணையும் முடிந்துபோனது. அவர் அந்தக் கடிதத்தை என்னிடமே கொண்டுவந்து, "சார், நீங்க சீனியர், இது யார் கையெழுத்தா இருக்கும்னு தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

அம்மாவுக்கும் தெரியாது. படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி, நீயே அவளிடம் சொன்னாலும் சரி.

சவுல் மன்னிப்பே கேட்கவில்லை என்று நினைக்காதே, நிறையக் கேட்டிருக்கிறான். எங்கேதி குகையில் தாவீது இவன் சால்வை ஓரத்தை மட்டும் அறுத்துக்கொண்டு உயிரோடு விட்டான் என்று தெரிந்ததும், "என் குமாரனாகிய தாவீதே" என்று கூப்பிட்டு, சத்தமிட்டு அழுதான். அழுதது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கொஞ்ச காலத்தில் மறுபடி 3,000 பேரோடு தேடிக் கிளம்பிவிட்டான். சாமுவேலிடமும் பாவம் செய்தேன் என்றான், கூடவே, மூப்பருக்கு முன்னால் என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டான். பாவக் கணக்கு எழுதினால் தாவீதுடையதுதான் எனக்குக் கனமாகத் தெரிகிறது, அடுத்தவன் பெண்டாட்டியை எடுத்து, அவனையும் சாகக் கொடுத்தவன். ஆனால் தீர்க்கதரிசி நாத்தான் வந்து கேட்டபோது ஜனங்கள், மூப்பர் என்று யாரையும் இழுக்கவில்லை.

கடைசியில் எந்தோரில், தானே துரத்திவிட்ட குறிகாரிகளில் ஒருத்தியிடம் வேஷம் மாற்றி ராத்திரியில் போகிறான், கர்த்தர் பதில் சொல்லவில்லையே என்று. பகல் முழுக்க, ராத்திரி முழுக்கச் சாப்பிடாதவன், தரையில் விழுந்து கிடக்கிறான். பயந்து நடுங்கிய அந்தப் பெண்தான் வீட்டில் இருந்த கன்றுக்குட்டியை அடித்து, மாவு பிசைந்து அப்பம் சுட்டுக் கொடுத்தாள். கில்போவா மலையில் மூன்று பிள்ளைகளும் சாக, இவன் தன் பட்டயத்திலேயே விழுந்தான். உடலைப் பெத்சான் மதிலில் தொங்கவிட்டார்கள். ராத்திரி முழுக்க நடந்து வந்து அதை எடுத்துப் போனவர்கள் யார் தெரியுமா? யாபேஸ் ஊர்க்காரர்கள். அந்தக் கண்களை அவர்கள் மறக்கவில்லை. எலும்புகளை மரத்தடியில் புதைத்து ஏழு நாள் உபவாசம் இருந்தார்களாம். இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

உன் ஒரு வரி என்ன என்று அந்த மெயிலைத் திறந்து பார்த்து எனக்கு எழுது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும்.

அந்தத் தலைமை ஆசிரியர் இப்போது ரிட்டயர் ஆகி மகனோடு மதுரையில் இருக்கிறார், விலாசம் வாங்கி வைத்திருக்கிறேன். காலை 6.40-க்கு ஒரு பஸ் இருக்கிறது. மூன்று நாளாக 5 மணிக்கே எழுந்து குளித்துவிடுகிறேன், இன்னும் போகவில்லை. எங்கே போகிறீர்கள் என்று அம்மா கேட்கிறாள்.

அப்பா